நாய்க்குட்டியை மற்ற நாய்களோடு பழக்குவது எப்படி? சிங்கப்பூர் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் கேட்பதெல்லாம் என்ன சாப்பாடு கொடுப்பது, எங்கே ஒன்றுக்குப் போக விடுவது, ராத்திரி அழுதால் தூக்கலாமா என்பதுதான். நாலைந்து மாதம் போனதும் கேள்வி மாறிவிடும்: "மின்தூக்கியில் வேற நாயைப் பார்த்தால் கத்திக் கத்தி மானத்தை வாங்குது, என்ன செய்யலாம்?" இந்த இரண்டாவது கேள்வி வராமல் இருக்க வேண்டுமென்றால் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். நண்பர்கள், உறவினர்கள், நடைப்பயிற்சியில் பழக்கமானவர்கள் என்று பலரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. தடுப்பூசி, மருந்து விஷயத்தில் மட்டும் உங்கள் விலங்கு மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

பழக்குவது என்றால் நிறைய நாய்களோடு விளையாட விடுவதுதானே?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பிக்கிறது. எதிரில் ஒரு நாய் வந்தால் உங்கள் குட்டி அதைப் பார்க்க வேண்டும், "சரி, ஒரு நாய்" என்று நினைக்க வேண்டும், உங்களோடு நடையைத் தொடர வேண்டும். பழகிய நாய் என்று நான் சொல்வது இதைத்தான். பார்க்கிற ஒவ்வொரு நாயோடும் விளையாடியே வளர்ந்த குட்டிக்கு ஒரு வயதில் என்ன ஆகும் தெரியுமா? எதிர்ப்பக்கம் போகிற நாயிடம் போக முடியாவிட்டால் கயிற்றை இழுத்துக் கதறும். அதற்கு நாய் என்றால் பயமும் இல்லை, கோபமும் இல்லை. "என்னை ஏன் விடமாட்டேங்கிற" என்கிற ஆத்திரம்தான். ஆனால் புளோக்கில் பார்க்கிறவர்களுக்கு அது முரட்டு நாய்.

ஆகவே விளையாட்டு கொஞ்சம், சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நிறைய. பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்காருங்கள், குட்டி மடியில் இருக்கட்டும், தூரத்தில் நாய் போகும்போதெல்லாம் வாயில் ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். மசாலா, உப்பு இல்லாத, வேகவைத்த கோழி. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் பெரிய வேலை அதில்தான் நடக்கிறது.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

குட்டி பிறந்து 3 வாரம் முதல் ஏறக்குறைய 12 அல்லது 14 வாரம் வரை அதன் மூளை புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும். இந்தக் காலத்தில் நல்லபடியாகப் பார்த்தது, கேட்டது, மோந்தது எல்லாம் "இது உலகத்தில் இருப்பதுதான்" என்று பதிந்துவிடும். அதன் பிறகு புதிதாக வருவது எதுவும் முதலில் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கப்படும். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. இன்றைக்கும் பயிற்சியாளர்கள் சொல்கிற கணக்கு அதை ஒட்டித்தான் இருக்கிறது.

இங்கே இருக்கிற சிக்கல், பல குட்டிகள் நம் கைக்கு வரும்போதே இரண்டரை மாதம், மூன்று மாதம் ஆகியிருக்கும். அதாவது அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. "வீட்டுக்குப் பழகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட நேரம் கிடையாது.

தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகவே கூடாது என்கிறார்களே?

இதுதான் அதிகமாகக் குழப்புகிற விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குட்டிக்குத் தாய்ப்பால் வழியாகக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியைச் சரியாக வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது குறையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளைக் கொல்லக்கூடிய நோய்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வீட்டுக்குள் வரும். ஆகவே மருத்துவர் பயமுறுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தடுப்பூசி முடிவது 16 வாரத்தில். பழகும் காலம் முடிவது 14 வாரத்தில். ஒன்றுக்காகக் காத்திருந்தால் இன்னொன்று போய்விடும். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் தடுப்பூசியும் முதல் குடற்பூச்சி மருந்தும் கொடுத்து குறைந்தது ஒரு வாரம் ஆனபின், 7 அல்லது 8 வாரக் குட்டிகூட சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டிகள் வகுப்புக்குப் போகலாம். மூன்று வயதுக்குள் சாகிற நாய்களில் நோயால் சாவதைவிட நடத்தைப் பிரச்சினையால் கைவிடப்பட்டுச் சாவதுதான் அதிகம் என்பது அவர்கள் காட்டும் காரணம்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? தரையில் விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். தோளில் மாட்டும் துணிப்பை போதும். புளோக்கின் கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கோப்பிக்கடைக்கு வெளியே, எங்கே வேண்டுமானாலும் போய் ஓரமாக நின்று பார்க்க விடுங்கள். தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்ட, அமைதியான நாய் இருக்கிற நண்பர் வீட்டுக்குப் போகலாம். போகக் கூடாத இடங்கள் என்றால் புளோக்கைச் சுற்றியுள்ள புல்தரை, நாய்கள் ஓடும் திடல், யார் யாரோ நாயை இறக்கிவிட்டுப் போகும் செல்லப்பிராணிக் கடையின் தரை. மழை பெய்து முடிந்ததும் தேங்கி நிற்கும் தண்ணீர், சாக்கடை ஓரம் இரண்டும் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ நோய்க்கு வழி. பெரிய நாயைக்கூட அங்கே நக்க விடாதீர்கள்.

முதலில் எந்த நாயைச் சந்திக்க வைக்கலாம்?

இன்னொரு குட்டியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நான் வயதான, பொறுமையான ஒரு நாயைத் தேடச் சொல்வேன். குட்டிகள் இரண்டு சேர்ந்தால் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுப்பது கடிப்பதும் உருளுவதும்தான். நடுவயது நாய் ஒன்று, குட்டி முகத்தில் பாயும்போது தலையைத் திருப்பிக்கொள்ளும். மீண்டும் பாய்ந்தால் எழுந்து நகரும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரே ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான். குட்டி ஒரு நிமிடம் திகைத்து உட்காரும், பிறகு பக்கவாட்டில் மெதுவாக வந்து மோந்து பார்க்கும். மரியாதை என்பதை மனிதர்கள் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தாலும் இவ்வளவு சீக்கிரம் வராது.

பெரிய நாய் உறுமினால் அதட்ட வேண்டாமா?

வேண்டாம். உறுமல் ஒரு எச்சரிக்கை, சண்டைக்கு முன்னால் கிடைக்கிற கடைசி நல்ல வார்த்தை. உறுமும்போதெல்லாம் திட்டு வாங்குகிற நாய் ஒருநாள் உறுமாமலே கடிக்கும். குட்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு தள்ளிப் போங்கள், அந்த நாய்க்கு ஓய்வு கொடுங்கள். உறுமலோடு நிற்காமல் துரத்திப்போய் அழுத்துகிற நாய் என்றால் அது குட்டிக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியில்லாதது, வேறு நாயைப் பாருங்கள்.

மின்தூக்கி கதவு திறந்தால் உள்ளே ஒரு நாய் நிற்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

ஏறாதீர்கள். அடுத்ததில் போங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு மின்தூக்கியும் தாழ்வாரமும்தான் உண்மையான பரீட்சை, ஏனென்றால் விலகிப்போக அங்கே இடமே இல்லை.

ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கதவு திறக்கிறது, உள்ளே ஒரு ஷிட்சு, வெளியே உங்கள் பூடில் குட்டி. இரண்டு பேரும் பதறிக் கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறார்கள். கயிறு இறுகியதும் குட்டியின் முன்னங்கால் தரையிலிருந்து எழும்புகிறது, மார்பு முன்னால் தள்ளுகிறது. எதிரே இருக்கிற நாயின் கண்ணுக்கு அது சண்டைக்கு வருகிற தோரணை. அது குரைக்கிறது, இது குரைக்கிறது, உள்ளே நிற்கிற ஆன்ட்டி சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். எந்த நாயிடமும் கெட்ட எண்ணம் இல்லை, கயிறும் கதவும் சேர்ந்து செய்த வேலை.

அதனால் எப்போதும் கதவிலிருந்து நாலடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் குட்டி உங்கள் முகத்தைப் பார்த்தால் தின்ன ஏதாவது கொடுங்கள். உள்ளே ஏறியதும் மூலைக்குப் போய், குட்டிக்கும் கதவுக்கும் நடுவில் உங்கள் கால் இருக்கும்படி நில்லுங்கள். நாய் பிடிக்காத, நாயைத் தொடக் கூடாத அண்டைவீட்டார் இருப்பார்கள், அவர்களுக்கும் இதுதான் நிம்மதி. நாமாக முந்திக்கொண்டு "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வரோம்" என்றால் நாளைக்கு நாய் கொஞ்சம் குரைத்தாலும் புகார் கொடுக்க யோசிப்பார்கள்.

நடக்கும்போது எதிரில் வருகிற நாயிடம் கொண்டுபோய் அறிமுகப்படுத்தலாமா?

எல்லா நாயிடமும் வேண்டாம், பத்தில் ஒன்று போதும். "இட்ஸ் ஓகே, ஃபிரெண்ட்லி!" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவர்கள் இங்கே எல்லாப் பூங்காவிலும் உண்டு. அவர் நாய் நட்பாக இருக்கலாம், உங்கள் குட்டி தயாரா என்பதுதான் கேள்வி. கையை உயர்த்தி "நோ தேங்க்யூ, ட்ரெயினிங்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

சந்திக்க விடுவதென்றால் நேருக்கு நேர் கொண்டுபோகாதீர்கள். நாய்கள் தங்கள் போக்கில் விட்டால் வளைந்துதான் வரும், பின்பக்கம்தான் மோந்து பார்க்கும். கயிறு தளர்ந்து தொங்க வேண்டும். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு உற்சாகமாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நகருங்கள். வந்தால் பரிசு. இரண்டு நாயும் மறுபடியும் ஒன்றையொன்று நாடினால் இன்னொரு மூன்று. பொது இடத்தில் நாயைக் கயிறு இல்லாமல் விடுவது சட்டப்படி குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, ஆகவே "கழற்றிவிட்டால் நன்றாகப் பழகும்" என்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

விளையாடுகின்றனவா, சண்டை போடுகின்றனவா என்று எப்படித் தெரியும்?

சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில நாய்கள் விளையாடும்போது கொலை நடக்கிற மாதிரி உறுமும். உடம்பைப் பாருங்கள். விளையாட்டில் உடம்பு தளர்ந்து, வளைந்து நெளியும், வாய் லேசாகத் திறந்திருக்கும், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி "வா" என்று அழைக்கும். துரத்துகிற நாய் கொஞ்ச நேரத்தில் துரத்தப்படுகிற நாயாகும். நடுநடுவே இரண்டும் நின்று, உடம்பை உதறி, தரையை மோந்துவிட்டு மீண்டும் தொடங்கும். இந்த இடைவெளி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வால் கால்களுக்கு நடுவே போவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிவது எல்லாம் "போதும்" என்பதற்கு அடையாளம். எல்லாவற்றையும்விட மோசமானது அசையாமல் விறைத்து நிற்பது. அதைப் பார்த்ததும் பேச்சே வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை: ஆட்டம் போடுகிற நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது தானாகத் திரும்பி வந்தால் அதற்கும் விருப்பம் இருக்கிறது. நழுவி ஓடினால் இவ்வளவு நேரமும் அது மாட்டிக்கொண்டிருந்தது.

என் குட்டி பயந்து ஒளிந்துகொள்கிறது. தூக்கினால் பயம் அதிகமாகுமா?

ஆகாது. பயப்படுகிற குட்டியைத் தேற்றினால் பயத்தைப் பழக்கப்படுத்துகிறோம் என்பது பழைய நம்பிக்கை. தேற்றுங்கள், தூரத்தை அதிகப்படுத்துங்கள். கூடாதது ஒன்றுதான்: "ஒண்ணும் பண்ணாது, போ, போ" என்று பயப்படும் குட்டியை முன்னால் தள்ளுவது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்வதை நாய்க்கும் செய்கிறோம்! குட்டி எந்தத் தூரத்தில் நாயைப் பார்த்தும் கோழியைத் தின்னுகிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் தூரம். அடுத்த வாரம் இரண்டடி குறைக்கலாம்.

நாய்கள் ஓடும் திடலுக்கு எப்போது கொண்டுபோகலாம்?

பிஷான்-அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ், காத்தோங் பார்க், செம்பவாங் பூங்கா என்று பல இடங்களில் வேலி போட்ட திடல்கள் இருக்கின்றன. இலவசம், வசதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவிழாக் கூட்டம். குட்டிக்கு அதுதான் மிக மோசமான நேரம். தடுப்பூசி எல்லாம் முடியட்டும், ஐந்தாறு மாதமாவது ஆகட்டும், கூப்பிட்டால் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

முதல் இரண்டு மூன்று தடவை வேலிக்கு வெளியே மட்டும் நில்லுங்கள். உள்ளே எப்படிப்பட்ட நாய்கள், சொந்தக்காரர்கள் கண்ணை நாய்மேல் வைத்திருக்கிறார்களா, கைப்பேசிமேல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லோரும் கைப்பேசியில் என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள். சின்ன நாய்க்குத் தனிப் பகுதி இருக்கிற இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்: ஓடுகிற சின்ன நாய் கீச்சென்று கத்தினால் சாதுவான பெரிய நாய்க்குக்கூட வேட்டைப் புத்தி வந்துவிடும். வாசலை விட்டு உள்ளே நகருங்கள், தகராறு அதிகம் நடப்பது வாசலில்தான். தின்பண்டமும் பந்தும் பையிலேயே இருக்கட்டும். பத்து நிமிடம் போதும், நன்றாகப் போகிறபோதே கிளம்புங்கள்.

வெயிலும் ஒரு விஷயம். காலை ஒன்பதுக்கு முன்னால் அல்லது சாயங்காலம் ஆறுக்குப் பின்னால் போங்கள். பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்கள் நம் ஈர வெப்பத்தில் விளையாடிக்கொண்டே மயங்கி விழும். உண்ணி இந்த ஊரில் வருடம் முழுக்க இருக்கும், அது கொண்டுவரும் காய்ச்சல் ரத்தத்தையே பாதிக்கும், அதனால் உண்ணி மருந்து கொடுக்காமல் எந்தப் புல்லிலும் இறக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள்.

குட்டிகள் வகுப்புக்குப் பணம் கட்டுவது அவசியமா?

நல்ல வகுப்பு கிடைத்தால் கட்டுங்கள். சேருமுன் ஒரு வகுப்பைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற இடம் வேண்டாம். ஒரே வயதுக் குட்டிகள், குறைவான எண்ணிக்கை, கழுவக்கூடிய தரை, விளையாட்டை அடிக்கடி நிறுத்திக் கூப்பிடும் பயிற்சி இருந்தால் நல்லது. கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வருகிறவரும், கூச்சமுள்ள குட்டியை நாலு முரட்டுக் குட்டிகள் அமுக்கும்போது "அதுங்களே தீர்த்துக்கும்" என்கிறவரும் உங்கள் பணத்துக்குத் தகுதியானவர்கள் இல்லை.

வீட்டில் பாட்டி, பணிப்பெண் எல்லோரும்தான் நாயை வெளியே கொண்டுபோகிறார்கள். அவர்களும் இதெல்லாம் செய்ய வேண்டுமா?

பல வீடுகளில் குட்டியை தினமும் கீழே கொண்டுபோவது பணிப்பெண்தான், அவர் தோழிகளும் அதே நேரத்தில் அவரவர் நாயோடு வருவார்கள், கயிறுகள் பின்னிக்கொள்ள நாய்கள் மூக்கோடு மூக்கு நிற்கும், பேச்சு அரைமணி நேரம் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் கூடவே போய் மூன்று விதியைக் காட்டுங்கள்: கயிறு தொங்கட்டும், மூன்று எண்ணி நகரட்டும், மின்தூக்கியில் நாய் இருந்தால் காத்திருக்கட்டும். பாட்டிக்கு நாய் என்றால் கூச்சமாக இருந்தால் அவரை விட்டுவிடுங்கள்.

மீட்பு அமைப்பிலிருந்து ஏழு மாத நாயைத் தத்தெடுத்தேன். காலம் கடந்துவிட்டதா?

கடக்கவில்லை, மெதுவாகப் போகும். உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கும் ப்ராஜெக்ட் அடோர் திட்டத்தின்கீழ் வளர்க்கிற "சிங்கப்பூர் ஸ்பெஷல்" எனப்படும் அந்த நாய்கள் பலவும் கூட்டத்தோடு வளர்ந்தவை, நாய் மொழி அவற்றுக்கு நம் பூடிலைவிட நன்றாகவே தெரியும். அவற்றுக்கு விசித்திரமாக இருப்பது மின்தூக்கி, தள்ளுவண்டி, குடை, தலைக்கவசம் போட்ட உணவு விநியோகக்காரர். அமைதியான இன்னொரு நாய் முன்னால் நடந்தால் அதைப் பார்த்தே பாதிப் பயம் தெளிந்துவிடும்.

நன்றாக இருந்த குட்டி எட்டு மாதத்தில் திடீரென்று மற்ற நாய்களைப் பார்த்துக் குரைக்கிறதே?

விடலைப் பருவம். ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை இப்படி ஏற்ற இறக்கம் இருக்கும். தூரத்தைக் கூட்டிப் பழையபடி கோழித்துண்டோடு ஆரம்பியுங்கள். கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், ஆனால் பயத்தால் குரைக்கிற நாயை அது மாற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உரிமக் கட்டணத்தில் வித்தியாசம் நிச்சயம்: கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாத நாய்க்கு 90. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் விலங்குநல மருத்துவச் சேவையின் உரிமம் கட்டாயம்.

பூனை, நீர்நாய் எல்லாம்?

கீழ்த்தளப் பூனைகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகர்வதைச் சின்ன வயதிலேயே பழக்குங்கள், துரத்திய ருசி ஒருமுறை தெரிந்தால் மறக்காது. நீர்நாய் கூட்டத்தைக் கண்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். குட்டி வைத்திருக்கிற நீர்நாய்கள் நம் நாயைவிட வேகம், பல்லும் கூர்மை.

இன்னொரு நாய் கடித்துவிட்டால்?

முதலில் உங்கள் கையை நடுவில் விடாதீர்கள். பிரிந்ததும் இருவரும் தொடர்பு எண்ணைப் பரிமாறிக்கொள்ளுங்கள், காயத்தைப் படம் எடுங்கள். மேலே ஒரு சின்னத் துளைதான் தெரியும், உள்ளே சதை கிழிந்திருக்கலாம், சின்ன நாய் என்றால் நுரையீரல்வரைகூடப் போயிருக்கும், அதனால் "ரத்தம் வரல" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை, அந்தப் பயம் வேண்டாம், சீழ் பிடிப்பதுதான் இங்கே பயம். காயம் ஆறியதும் குட்டியைக் கடித்த நாய் வருகிற பாதையைக் கொஞ்ச காலம் தவிர்த்து, உங்கள் குட்டி ஏற்கெனவே விரும்புகிற ஒரு நாயோடு மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க விடுங்கள், மற்ற நாய்களை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.